கடனட்டையில் ஒரு பெயர், வாடகை ஒப்பந்தத்தில் இன்னொரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு வாடகை வாகனம் எடுப்பவர்களுக்காகச் சென்ற வாரப் பயணப் பக்கத்தில் நீங்கள் வெளியிட்ட ஆலோசனைகளில் ஒரு வரி இருந்தது: நல்ல கடனட்டை கையில் இருந்தால் வாகனச் சேதக் காப்புறுதிக்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் போன எங்கள் குடும்பம் கடந்த ஆண்டு 3,831 டொலர் கட்டியது. விடுபட்ட மீதி வரிகளை உங்கள் வாசகர்கள் பயணத்துக்கு முன்பே அறிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஸ்காபரோவில் வாகனம் திருத்தும் கராஜ் ஒன்றில் 19 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். சேத மதிப்பீடுகளும் காப்புறுதி நிறுவனங்களின் கடிதங்களும் நாள்தோறும் என் மேசைக்கு வருபவை. இருந்தும் இந்த ஒரு விடயம் என் கண்ணில் படாமல் போய்விட்டது.

கடந்த ஆண்டு ஓகஸ்டில் அக்காவும் அத்தானும் யாழ்ப்பாணத்திலிருந்து முதல் தடவையாகக் கனடா வந்தார்கள். மலையும் பனியும் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. கல்கரிக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ஏழு இருக்கை வான் ஒன்றை ஆறு நாட்களுக்கு வாடகைக்கு எடுத்து, பான்ஃப் பக்கம் சுற்றுவது என்று முடிவு செய்தோம். பதிவு செய்தவன் மகன். அவனுக்கு 23 வயது. 25 வயதுக்குக் குறைந்த ஓட்டுநருக்கு வாடகை நிறுவனங்கள் மேலதிகக் கட்டணம் கேட்பது வழக்கம். அதைத் தவிர்க்க, வாகனத்தை எடுப்பவராக என் பெயரைப் போட்டான். பணத்தை மட்டும் இணையத்தில் தன் அட்டையில் முழுவதுமாகக் கட்டினான். அவனுடையது ஆண்டுக் கட்டணம் உள்ள அட்டை, வாடகை வாகனச் சேதத்துக்கான காப்புறுதி அதில் இருக்கிறது. என்னுடையது கட்டணம் இல்லாத சாதாரண அட்டை, அதில் அப்படி எதுவும் கிடையாது.

கல்கரி விமான நிலையத்தில் வாடகை நிறுவனத்தின் கருமபீடத்துக்கு முன்னால் நிற்கும்போது இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது. அக்கா குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஊழியர் என் ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்தை வாங்கினார். வைப்புப் பணத்துக்கு என் அட்டையை வாங்கினார். பிறகு, நாளொன்றுக்கு 34 டொலர் கட்டினால் வாகனத்துக்கு என்ன நடந்தாலும் நீங்கள் பொறுப்பில்லை என்று ஒரு தாளைக் காட்டினார். ஆங்கிலத்தில் இதை டமேஜ் வேய்வர் என்பார்கள். வாகனத்துக்கு ஏற்படும் சேதத்தை உங்களிடம் கேட்க மாட்டோம் என்று அந்த நிறுவனமே தரும் விலக்கு அது. ஆறு நாளுக்கு 204 டொலர். மகன் என் காதருகில் குனிந்து, "வேண்டாம் அம்மா, என் அட்டையில் இருக்கிறது" என்றான். "வேண்டாம்" என்ற பெட்டியில் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன்.

மூன்றாம் நாள் மொறெய்ன் ஏரிக்குப் போனோம். 2023 முதல் அந்த வீதியில் சொந்த வாகனங்கள் போக முடியாது. லேக் லூயிஸ் பனிச்சறுக்கு மையத்தின் பெரிய தரிப்பிடத்தில் வானை விட்டுவிட்டு பஸ்ஸில்தான் போய்வர வேண்டும். நான்கு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தோம். வானின் வலப்பக்க இழுவைக் கதவு உள்ளே நெளிந்திருந்தது. வெள்ளைக் கதவில் முழங்கை நீளத்துக்குப் பச்சைக் கீறல், இடித்த வாகனத்தின் பெயின்ட். இடித்தவர் ஒரு துண்டுக் காகிதம் கூட வைத்துவிட்டுப் போகவில்லை. கதவை இழுத்துப் பார்த்தேன். மூடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது இறுகி நின்றது. கீழ்த் தண்டவாளம் வளைந்திருக்கிறது, கதவையே மாற்ற வேண்டியிருக்கும் என்று அங்கேயே புரிந்துவிட்டது. அக்கா ஒன்றும் பேசாமல் கையிலிருந்த காப்பைக் கழற்ற ஆரம்பித்தார். "நாங்கள் வராவிட்டால் உங்களுக்கு இந்தச் செலவு இல்லையே" என்றார். காப்பைத் திரும்ப அவர் கையில் மாட்டிவிடப் பட்ட பாடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதன்பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். நான்கு பக்கமும் படம் எடுத்தோம். பொலிசாரிடம் முறையிட்டு முறைப்பாட்டு எண் வாங்கினோம். வாடகை நிறுவனத்துக்கு உடனே அறிவித்தோம். மகனின் அட்டைக் காப்புறுதிக்கு மறுநாள் காலையே தொலைபேசி எடுத்தோம். கனடாவில் பல அட்டைகள் 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்கும்படி கேட்கின்றன. வீட்டுக்குப் போன பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாலே பலருக்கு வில்லங்கம் வந்துவிடுகிறது. எங்களுக்கு அந்த வில்லங்கம் வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் வாடகை நிறுவனத்தின் கணக்கு வந்தது. திருத்தச் செலவு 3,184 டொலர். வான் கராஜில் நின்ற ஒன்பது நாட்களுக்கு இழந்த வருமானம், நாளுக்கு 58 ஆக 522 டொலர். நிர்வாகச் செலவு 125 டொலர். தொழில் தெரிந்தவள் என்பதால் வரிவரியாகப் பார்த்தேன். கதவின் விலையிலும் கூலியிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்பது நாள் என்பதும் நியாயமே, அந்தக் கதவுக்கு உதிரிப்பாகம் வந்து சேர நாள் எடுக்கும். வாடகை ஒப்பந்தம், வாகனத்தைத் திருப்பிக் கொடுத்தபோது தந்த பற்றுச்சீட்டு, அட்டைக் கணக்குத்தாள், திருத்தச் செலவு விவரம், படங்கள், பொலிஸ் எண் எல்லாவற்றையும் மகனின் அட்டைக் காப்புறுதிக்கு அனுப்பினோம்.

நவம்பரில் மறுப்புக் கடிதம் வந்தது. அதில் இருந்தது ஒரேயொரு காரணம். அட்டைக்குரியவரின் பெயரில் வாடகை ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு அந்த அட்டை இல்லை.

அதன்பிறகுதான் மகனின் அட்டைக்குரிய காப்புறுதிச் சான்றிதழை எடுத்து முதற்பக்கத்திலிருந்து வாசித்தேன். தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அட்டைக்குரியவரே வாகனத்தைத் தன் பெயரில் எடுக்க வேண்டும், வாடகை முழுவதையும் அதே அட்டையில் கட்ட வேண்டும், நிறுவனம் விற்கும் விலக்கை மறுக்க வேண்டும். வேறு யாராவது ஓட்டுவதென்றால் அவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மகன் வானை ஓட்டவே இல்லை. ஆனாலும் அவனே முதல் ஓட்டுநராகக் கையெழுத்திட்டு, என்னை இரண்டாம் ஓட்டுநராகச் சேர்த்திருந்தால், இளம் ஓட்டுநர் கட்டணத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

ஆசிரியர் அவர்களே, எங்கள் சமூகத்துக்கு இது குறிப்பாகப் பொருந்துகிறது என்பதாலேயே இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் யார் அட்டை, யார் கை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மகள் பணம் கட்டுவாள், அப்பா ஓட்டுவார். தம்பியின் அட்டையில் புள்ளிகள் சேரட்டும் என்று அண்ணன் குடும்பத்துக்கான வாகனத்தையும் அவனே பதிவு செய்வான். அது எங்கள் பாசம், அதில் பிழையில்லை. காப்புறுதிச் சான்றிதழ் அந்தப் பாசத்தைப் படிக்காது, பெயரைத்தான் படிக்கும்.

கராஜில் நான் காணும் வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். வீடு மாறும்போது எடுக்கும் லொறிக்கும், பிக்கப் வாகனத்துக்கும், கலியாண வீட்டுக்குப் பதினைந்து பேரை ஏற்ற எடுக்கும் பெரிய வானுக்கும் பொதுவாக அட்டைக் காப்புறுதி பொருந்தாது. வான் என்றால் ஓட்டுநரோடு எட்டுப் பேர் என்பதே பல அட்டைகளின் எல்லை. வாகனத்தின் விலைக்கும் உச்சவரம்பு உண்டு, 65,000 டொலர் என்று பல சான்றிதழ்களில் பார்க்கலாம். ஊரிலிருந்து வருபவர்களுக்காக இரண்டு மாதத்துக்குத் தொடர்ந்து வாகனம் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 48 நாட்களைத் தாண்டினால், மிஞ்சிய நாட்களுக்கு மட்டும் இல்லை என்று ஆகாது, முதல் நாளிலிருந்தே இல்லை என்று பல அட்டைகள் சொல்கின்றன. செயலி வழியாக இன்னொருவரின் சொந்தக் காரை வாடகைக்கு எடுத்தால் அதற்கும் பெரும்பாலும் கிடையாது. எங்கள் கராஜுக்கு வரும் வாடிக்கையாளர்கள் கேட்காமலே நான் சொல்லும் ஒன்று: உங்கள் கார் எங்களிடம் நிற்கும்போது உங்கள் காப்புறுதி நிறுவனம் பணம் கட்டித் தரும் மாற்று வாகனத்தையும் பல சான்றிதழ்கள் விலக்கி வைத்திருக்கின்றன.

எல்லாவற்றிலும் முக்கியமானது, அட்டைக் காப்புறுதி நீங்கள் எடுத்த வாகனத்தின் சேதத்தையும் களவையும் மட்டும்தான் பார்க்கும். நீங்கள் இடித்த மற்றக் காருக்கோ காயப்பட்டவருக்கோ அதில் ஒரு சதமும் வராது. ஒன்ராறியோவில் மூன்றாம் தரப்புப் பொறுப்புக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 200,000 டொலர். ஒருவர் பெரிய காயப்பட்டு வழக்குத் தொடுத்தால் அது எந்த மூலைக்கும் காணாது. இதை அட்டை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்த இரண்டு பேரோடு இந்த ஆண்டிலேயே கதைத்திருக்கிறேன்.

சொந்தக் கார் வைத்திருக்கும் ஒன்ராறியோ வாசகர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் காப்புறுதியில் ஓபிசிஎஃப் 27 என்ற இணைப்பு இருக்கிறதா என்று முகவரிடம் கேளுங்கள். நீங்கள் வாடகைக்கு எடுக்கும் வாகனத்தின் சேதத்தை, கனடாவிலும் அமெரிக்காவிலும், உங்கள் சொந்தக் காப்புறுதியே பொறுப்பேற்க வைப்பது அது. குறிப்பிட்ட தொகை வரை கைப்பணம் போகும், ஆனால் பேசுவதற்குத் தமிழ் தெரிந்த முகவர் இருப்பார். எனக்கு முன்பு அந்த இணைப்பு இருந்தது. மாதக் கட்டணத்தைக் குறைக்க நானே நீக்கச் சொல்லியிருந்தேன். இப்போது திரும்பச் சேர்த்துவிட்டேன்.

இவை ஒன்றுமே பொருந்தாவிட்டால், கருமபீடத்தில் கேட்கும் அந்த 34 டொலரைத் தயங்காமல் கட்டுங்கள். எல்லா நேரமும் அது வீண்செலவு இல்லை. கட்டுவதில்லை என்று முடிவெடுத்தால், மறுப்பதற்கான இடம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விலக்கு வேண்டாம் என்று கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். இரண்டும் இருக்கட்டும் என்று விலக்கையும் வாங்கினால் அட்டைக் காப்புறுதி செல்லாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், விடுமுறைப் பதிவுகள் தொடங்கும்போது, இந்த நிபந்தனைகளை ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள். விடயம் தெரிந்த ஒரு முகவரையும் ஒரு சட்டத்தரணியையும் கொண்டு சரிபார்த்து வெளியிடுங்கள். அட்டை வழங்கும் வங்கிகளிடமும் கேட்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த சான்றிதழ் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் இருந்தது. சட்டப்படி அது சரி. ஆனால் ஜனவரியில் தமிழ் மரபுத் திங்களுக்கு எங்களுக்குத் தமிழில் வாழ்த்துச் சொல்கிறீர்கள், அதற்கு நன்றி. அந்த வாழ்த்தோடு, வாடகை வாகனம் எடுக்கும்போது யார் பெயர் எங்கே இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றையும் அச்சிட்டுத் தாருங்கள். அட்டையின் கட்டணத்தை எங்கள் பிள்ளைகள் கட்டுகிறார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறவர்கள் நாங்கள்.

வரும் ஜூலையில் என் தம்பி குடும்பம் ஹலிபக்ஸ் போய், அங்கிருந்து கார் எடுத்துக் கேப் பிரெட்டன் சுற்றப் போகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அட்டைச் சான்றிதழையும் பதிவுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அட்டை தம்பியுடையது. பதிவு மச்சாளின் பெயரில் இருந்தது. அன்றிரவே அந்தப் பதிவை ரத்துச் செய்து, தம்பியின் பெயரில் புதிதாக எடுத்து, மச்சாளை இரண்டாம் ஓட்டுநராகச் சேர்த்தோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்காபரோ, ஒன்ராறியோ