படை விமானத்தில் நோயாளருக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படைகளின் போக்குவரத்து விமானங்கள் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். எத்தனை வீரர்களை ஏற்றும், எத்தனை தொன் சுமக்கும் என்பதெல்லாம் விரிவாக இருந்தது. அதே விமானங்கள் பொதுமக்களுக்கு என்ன செய்திருக்கின்றன, இனி என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு பந்திகூட ஒதுக்கப்படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1987 ஜூன் 4 அன்று எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்றிருந்தேன். பின்னேரம் கனத்த இரைச்சல் கேட்டது. குண்டு விழப்போகிறது என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். வந்தவை இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என்-32 போக்குவரத்து விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் அவற்றுக்குக் காவல் என்பதெல்லாம் பின்னர் வாசித்து அறிந்தவை. ஜன்னலால் நான் கண்டது, வால் பக்கம் திறந்து கிடந்த வயிற்றையும், அதிலிருந்து சரிந்து விழுந்து, பரசூட் விரிந்ததும் ஆடியாடி இறங்கிய பொதிகளையும்தான். அன்று போடப்பட்ட உணவும் மருந்தும் சுமார் 25 தொன். அதன் அரசியலைப் பேச நான் வரவில்லை. வயல்வெளியில் கிடந்த பரசூட் கயிறு ஒன்றை அப்பா சுருட்டி எடுத்து வந்தார். முற்றத்து மாமரத்துக்கும் கிணற்றுத் தூணுக்கும் இடையே அது பல ஆண்டுகள் அம்மாவின் உடுப்புக் கொடியாக இருந்தது. எத்தனை மாரி கண்டும் இற்றுப்போகவில்லை.

ஏ.என்-32 இந்தியாவின் தேவைக்காகவே, வெப்பத்திலும் மலை உயரத்திலும் சோர்ந்துவிடாமல் பறப்பதற்கென்று சோவியத் ஒன்றியத்தில் உருவானது. முதலில் பறந்தது 1976இல். இயந்திரங்கள் இறக்கைக்கும் மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கும். அதனால் பெரிய சுழலிகள் நிலத்தில் முட்டாது, மண் ஓடுபாதையின் கல்லும் தூசியும் இயந்திரத்துக்குள் எளிதில் போகாது. இதே இன விமானங்களை 1990களில் இலங்கை விமானப்படையும் வாங்கியது. அவை எதற்காகப் பறந்தன என்பதை வடக்கில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்கத் தயாரிப்பான சி-130 ஹெர்குலிஸ் என்ற போக்குவரத்து விமானம் இன்னும் மூத்தது. 1954 ஆகஸ்ட் 23இல் முதலில் பறந்து, இன்றுவரை உற்பத்தியில் இருக்கிறது. அதன் சரக்குத் தளம் நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம்தான். லொறியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினால் தட்டும் தளமும் சமமாகிவிடும், பாரந்தூக்கி வேண்டாம். நம் விமானப்படையின் ஹெர்குலிஸ்கள் முன்பு பிரித்தானிய விமானப்படையில் இருந்தவை. அந்தப் படையின் இதே ரக விமானங்கள்தான் 1984-85இல் எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது மிகத் தாழப் பறந்து, பரசூட் இல்லாமலே தானிய மூட்டைகளைப் போட்டுச் சென்றன. அமெரிக்காவில் காட்டுத்தீ மூண்டால், தீயடக்கும் கரைசல் நிரப்பிய தாங்கிகளை ஹெர்குலிஸின் வயிற்றுக்குள் ஏற்றி, சுமார் 11,000 லீற்றரைச் சில விநாடிகளில் கொட்டுகிறார்கள். பனிச்சறுக்குக் கட்டைகள் பூட்டிய ஹெர்குலிஸ் அந்தாட்டிக்காவுக்குப் போகிறது. எல்-100 என்ற பெயரில் இதற்குக் குடிசார் வடிவமும் உண்டு.

இனி எனக்குள் கிடந்து உறுத்தும் விடயம். 2018இல் அம்மாவை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அம்புலன்ஸில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், எட்டு மணித்தியாலத்துக்கும் மேல். வழியில் ஒட்சிசன் சிலிண்டர் மாற்ற நிறுத்தியபோது அம்மா கண் திறந்து, "எவ்விடம் வந்திருக்கிறோம்?" என்று கேட்டார். அநுராதபுரம் என்றேன். பாதி வழிகூட வரவில்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானைக்கு இரட்டை இயந்திர விமானம் ஒன்றில் ஒரு மணித்தியாலம் அளவுதான் எடுக்கும் என்ற நினைவு அந்த இரவு முழுவதும் என்னைத் தின்றது.

பயணிகள் விமானத்தின் ஒடுங்கிய படிக்கட்டில் நோயாளியை ஸ்ட்ரெச்சரோடு ஏற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். பின்பக்கச் சாய்தளம் உள்ள விமானத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அம்புலன்ஸிலிருந்து இறக்கிய ஸ்ட்ரெச்சரைச் சாயாமல் நேராக உள்ளே தூக்கிப் போகலாம். ஏ.என்-32இல் 24 ஸ்ட்ரெச்சர்களும், பழைய ஹெர்குலிஸில் 74ம் பூட்ட முடியும். காயம்பட்ட வீரர்களுக்காகச் செய்த அந்த ஏற்பாட்டில் ஒரு விவசாயியையோ ஒரு குழந்தையையோ படுக்க வைக்கக் கூடாதா?

அவசரத்துக்கு விமானப்படை இப்போதும் நோயாளரை ஏற்றுவதுண்டு. அதற்கு நன்றி. ஆனால் ஆள் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே வழி இருக்க வேண்டும். பலாலி, மட்டக்களப்பு, திருகோணமலை சீனக்குடா ஆகிய இடங்களிலிருந்து கிழமைக்கு இரண்டு நாளாவது நேரம் குறித்த நோயாளர் சேவை நடக்கட்டும். வைத்தியசாலைப் பணிப்பாளரின் ஒரு கடிதம் அதற்குப் போதுமானதாக இருக்கட்டும். திரும்பும்போது மருந்தும் குருதியும் ஏற்றிச் செல்லட்டும்.

செலவு என்பார்கள். விமானிகள் தங்கள் தகைமையைத் தக்கவைக்க எப்படியும் மாதந்தோறும் பறந்தாக வேண்டும். எரியப்போகிற எரிபொருள் எப்படியும் எரியத்தான் போகிறது. அந்தப் பயிற்சி மணித்தியாலங்களில் ஒரு பங்கைத்தான் கேட்கிறேன்.

உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, இரத்மலானை விமானப்படைத் தளத்தில் அந்த ஸ்ட்ரெச்சர் தாங்கிகள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன, கடைசியாக எப்போது பூட்டப்பட்டன என்று விசாரித்துப் பிரசுரிப்பீர்களா?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.