எட்டாவது கேள்வியைக் கேட்டவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வழியைச் சுற்றி இருக்கும் சுரப்பி. அதன் வீக்கத்தோடு வாழும் ஆண்களை வீடு தேடிச் சென்று கவனிக்கும் செவிலியர்கள் நாங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களில் எங்கள் வேலை. அந்த ஆண்களின் பகலையும் இரவையும் தாங்கிப் பிடித்த பலருக்கும் நன்றி சொல்லவே இந்த மடல். அவர்கள் என்ன செய்தார்கள், அது எப்படிப் பலன் தந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். இதை வாசிக்கும் வீட்டில் நாளை யாருக்காவது தேவைப்படலாம்.

இந்தத் தொந்தரவை அளக்க உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே கேள்வித்தாள்தான். சிறுநீர் முழுசாகப் போகாத உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி முட்டுவது, விட்டு விட்டு வருவது, அடக்க முடியாத அவசரம், மெலிந்த ஓட்டம், முக்கிப் போவது, இரவில் எழும்புவது என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், ஆகக்கூடியது 35. ஏழு வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. இதற்குப் பிறகு எட்டாவதாக ஒரு கேள்வி உண்டு: இனி ஆயுசு முழுக்க இப்படியேதான் சிறுநீர் போகும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? இதன் பதில் அந்த 35-இல் சேராது. ஆனால் சிகிச்சையை எங்கே தொடங்குவது என்று காட்டுவது பெரும்பாலும் இதுதான். ஒரே 15 மதிப்பெண்ணில் ஒருவர் நிம்மதியாக வயலுக்குப் போய் வருவார், இன்னொருவர் கல்யாண வீட்டுக்குப் போவதையே நிறுத்தியிருப்பார். இந்தக் கேள்வியை நிதானமாகக் கேட்டு, பாட்டாக்கள் பதில் சொல்லும்வரை காத்திருந்த டாக்டர்களுக்கும், அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போகும் சகோதரிகளுக்கும் எங்கள் முதல் நன்றி.

அடுத்த நன்றி அளந்து எழுதித் தந்த மனைவியருக்கும் மருமக்களுக்கும். கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் மக், ஒரு பழைய நோட்டு, மூன்று நாள். எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, என்ன குடித்தார் என்ற கணக்கு. அவ்வளவுதான் வேண்டியது. இரவில் நாலு தடவை எழுந்து ஒவ்வொரு தடவையும் 80, 100 மில்லி மட்டுமே போகிறவருக்குச் சிறுநீர்ப்பை சரியாகக் காலியாவதில்லை, அல்லது கொஞ்சம் நிறைந்ததுமே அது இறுகிக்கொள்கிறது. நாலு தடவையும் 350 மில்லி போகிறவர் கதை வேறு. ஒரு முழு நாள் போகும் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால் புராஸ்டேட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கால் வீக்கம், இதயம், சர்க்கரை, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம் என்று தேட வேண்டும். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் திரும்பி இரவில் சிறுநீராகிறது. அதனால்தான் மத்தியானம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்கிறோம். கருவாடும் ஊறுகாயும் ராத்திரிச் சோற்றில் கூடினால் இரவு நடையும் கூடும். இதைப் புரிந்துகொண்டு குழம்பில் உப்பைக் குறைத்த வீடுகளுக்குத் தனியாக ஒரு நன்றி.

தண்ணீரைக் குறைத்தால் தொல்லை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களும், விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர்களும் இதைச் செய்கிறார்கள். சிறுநீர் அடர்ந்து மஞ்சளானால் பை இன்னும் எரிச்சலாகி அவசரம் கூடும், மலம் இறுகும், கிருமி தங்கும். இதயமும் சிறுநீரகமும் நன்றாக உள்ளவர் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்கலாம். அதில் பெரும்பங்கை மாலைக்குள் முடித்துவிட்டு, படுக்கப் போவதற்கு முந்தின இரண்டு மணி நேரத்தில் மட்டும் குறைத்தால் போதும். சாயங்காலச் சாயாவைக் கைவிடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தும், தாங்களும் கூடவே நிறுத்திய துணைவியரை நாங்கள் மறக்கவில்லை.

மெடிக்கல் ஸ்டோர் தம்பிகளே, உங்களுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை, ஆகவே சளிக்கும் இரண்டு பருவம். சளி மாத்திரைகளில் உள்ள குளோர்ஃபெனிரமைன் சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவைக் குறைக்கும். மூக்கடைப்புக்குச் சேர்க்கும் ஃபீனைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் பையின் கழுத்தை இறுக்கும். ஏற்கெனவே ஒடுங்கின வழி, ஒரே ராத்திரியில் அடைத்துப் போகும். “மூத்திரத்துக்கு மாத்திரை சாப்பிடுதீங்களா?” என்று கேட்டு, ஆம் என்றதும் சளி மாத்திரையைத் திரும்ப எடுத்து வைத்தவர்கள் நீங்கள்.

அப்படியும் சிலருக்கு அடைத்துப்போகும். அடிவயிறு கல்லாக வீங்கும், வேர்க்கும், ஒரு சொட்டும் வராது. அந்த நேரத்தில் நெருஞ்சில் கஷாயமோ பார்லித் தண்ணீரோ கொடுத்தால் நிறைந்த பை இன்னும் நிறையும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்த ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் 108 ஊழியர்களுக்கும் நன்றி. அங்கே டியூப் செருகி நீர் இறங்கியதும் நோயாளி நிம்மதியாகத் தூங்கிவிடுவார். நர்ஸுக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது. வெகுநாள் தேங்கிக் கிடந்தவருக்குச் சிலசமயம் மணிக்கு 200 மில்லிக்கு மேல், மணிக்கணக்காக நீர் கொட்டும். அளக்காமல் விட்டால் உப்பும் நீரும் இழந்து மயங்கிவிடுவார்.

மாத்திரை விஷயத்தில் வீட்டார் செய்தது சின்ன உதவி இல்லை. சிறுநீர் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், தினமும் குறிப்பிட்ட ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு. வெறும் வயிற்றில் போட்டால் எழும்பும்போது தலைசுற்றல் கூடும். இரவில் எழும்புகிறவர் கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து பிறகுதான் நிற்க வேண்டும். கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், தரையில் நழுவும் சாக்கு மிதியடி வேண்டாம். இந்த நோயில் இரவில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் எங்களுக்குப் பெரிய பயம். கட்டிலோரம் யூரின் பாட்டில் வைத்தால் அந்த நடையே மிச்சம். குளிமுறியில் கைப்பிடிக் கம்பி பதித்துத் தந்த கொத்தனார்களே, நீங்களும் நோயாளியைக் கவனித்தவர்கள்தான்.

ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு வகை மாத்திரைகள் சுரப்பியையே மெல்லச் சுருக்குபவை. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஒரு மாதத்தில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொண்ட பிள்ளைகளுக்கு நன்றி. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணி மருமகள் கையால் தொடக் கூடாது, வயிற்றுப் பிள்ளை ஆணாக இருந்தால் அதற்குக் கேடு. ஆறு மாதம் சாப்பிட்டவருக்கு, புராஸ்டேட் புற்றுநோயைத் தேடச் செய்யும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அளவு ஏறக்குறைய பாதியாகக் காட்டும் என்பதால், மாத்திரையின் பெயரைச் சொல்லாமல் அந்தப் பரிசோதனைக்குப் போவதில் அர்த்தமில்லை. கண்புரை ஆபரேஷனுக்கு முன் “டாம்சுலோசின் சாப்பிட்டதுண்டா?” என்று கேட்டு எழுதிவைக்கும் கண் மருத்துவமனைச் சகோதரிகளுக்கும் நன்றி. அந்த மாத்திரை கருவிழித் திரையைத் தளரச் செய்யும், நிறுத்தி வெகுநாளானாலும் அது நீடிக்கலாம்.

இனி சிறுநீர் வடிய டியூப் போட்டு வீடு திரும்பியவர்களைக் காத்தவர்கள். இவர்களைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

ஆண்களுக்குப் பெரும்பாலும் 14 அல்லது 16 என்ற எண்ணுள்ள, சிறுநீர்ப்பைக்குள் செருகி வைக்கும் ஃபோலி டியூப். 16 என்றால் குறுக்களவு ஐந்து மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். உள்ளே 10 மில்லி அளவு நீர் நிரப்பிய பலூன் அதைத் தாங்குகிறது. ஆகவே டியூபை இழுத்தால் அது பலூனோடு சேர்ந்து சிறுநீர்ப்பையின் கழுத்தைக் கிழிக்கும். தொடையின் மேல்பக்கத்தில் கொஞ்சம் தளர்வு விட்டு பிளாஸ்டரால் ஒட்டி வைத்த வீடுகளில் ரத்தமும் இல்லை, நுனியில் புண்ணும் இல்லை. டியூபின் மறுமுனையில் சிறுநீர் சேரும் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பை நிறைந்தால் இரண்டு கிலோ கனம், அது முழுக்க டியூபில்தான் தொங்கும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையைத் தொடாமல் கட்டில் சட்டத்தில் தொங்க வேண்டும். ஆளைத் தூக்கும்போது பையை அவர் வயிற்றின்மேல் வைப்பது எல்லாரும் செய்வது. அப்போது பழைய நீர் கிருமியோடு உள்ளே திரும்பும்.

கை கழுவி, தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டு, உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக டியூபைத் துடைத்தால் போதும். டெட்டால் வேண்டாம். முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவியபின் மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். விட்டுவிட்டால் சில மணி நேரத்தில் அது வளையமாக இறுகி வீங்கும், ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

பையில் நீர் இறங்கவில்லையா? முதலில் டியூப் மடிந்திருக்கிறதா, சாரத்தின் முடிச்சில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மலம் போய் எத்தனை நாளாகிறது என்று கேளுங்கள். இறுகின மலம் பக்கத்திலிருந்து அழுத்தினாலும் நீர் நிற்கும், டியூபைச் சுற்றிக் கசியும். மட்டிப்பழமும் கீரையும் வெந்நீருமாகப் பார்த்துக்கொண்ட அம்மாக்கள் எத்தனையோ அடைப்பைத் தடுத்திருக்கிறார்கள். கசிகிறதே என்று பெரிய டியூப் கேட்க வேண்டாம், சிறுநீர்ப்பையின் இசிவு அதனால் கூடவே செய்யும். சிலருக்குச் சிறுநீரில் உள்ள உப்பைப் படிய வைக்கும் கிருமி டியூபின் உள்ளே மணல்போலக் கட்டி அடைக்கும். அவர்களுக்கு மாற்றும் தேதியை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். காரணம் எதுவும் தெரியாமல் நீர் நின்று அடிவயிறு வலித்தால் காத்திருக்காதீர்கள்.

கலங்கிய நீரைப் பார்த்ததும் ஆன்டிபயாடிக் வாங்க ஓடாதவர்களுக்கும் நன்றி. டியூப் உள்ளவர் சிறுநீரில் கொஞ்ச நாளில் கிருமி சேராமல் இராது. குளிர்நடுக்கக் காய்ச்சல், விலாப்பக்க வலி, திடீர்க் குழப்பம் வந்தால்தான் மருந்து. தேவையில்லாமல் தின்ற மருந்து, தேவைப்படும் நாளில் வேலை செய்யாது.

புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்தவரின் சிறுநீர்ப்பையை டியூப் வழியாகக் கழுவ, வார்டுகளில் இரவு முழுக்கச் சலைன் பையை மாற்றிய தோழிகளுக்கு: ஓட்டத்தின் வேகத்தைக் கடிகாரம் பார்த்து வைக்காமல் வெளியே வரும் நீரின் நிறம் பார்த்து வைத்தீர்கள். உள்ளே போனதைக் கழித்து மிச்சத்தைச் சிறுநீர் என்று எழுதினீர்கள். வெளியே வருவது நின்ற நொடியில் உள்ளே போவதையும் நிறுத்தினீர்கள். ரத்தக்கட்டி அடைத்திருக்கும்போது சலைன் தொடர்ந்து ஏறினால் சிறுநீர்ப்பை வெடிக்கிற அளவுக்கு வீங்கும். வீடு திரும்பியபின் நாலு முதல் ஆறு வாரம் கனம் தூக்காமல், பைக் ஓட்டாமல், ரப்பர் ஷீட் அடிக்கும் உருளையைச் சுற்றாமல் அப்பாவைத் தடுத்த மகன்களுக்கும் நன்றி. பத்து, பதினாலாம் நாள் வாக்கில் உள்ளே உள்ள பொருக்கு உதிர்ந்து சிறுநீர் கொஞ்சம் சிவக்கலாம். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் தெளியும். கட்டி கட்டியாக வந்தாலோ அடைத்தாலோ உடனே வர வேண்டும்.

வெளியுலகத்தின் உதவி சிறியதாகத் தெரியும், ஆனால் எட்டாவது கேள்விக்கு வந்த பதிலை மாற்றியது அதுதான். வழியில் பஸ்ஸை ஒரு நிமிடம் நிறுத்தித் தந்த கண்டக்டர்கள், திருநாளிலும் கொடையிலும் கழிப்பறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தந்த கமிட்டிக்காரர்கள், முட்டத்திலும் குளச்சலிலும் வள்ளத்தில் கூடப் போகிறவரின் அவசரத்தை அறிந்து முகம் திருப்பிக்கொண்ட கூட்டாளிகள். காலோடு கட்டும் சின்னப் பை வேட்டிக்குள் தெரியாது. அதைக் கட்டிக்கொண்டு பேத்தி கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரலாம். அதைக் காட்டிக் கொடுக்காதவர்களுக்கு நன்றி.

பேசத் தயங்குவதைப் பேசியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த மாத்திரைகளாலும் ஆபரேஷனாலும் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பலாம், சிலருக்கு ஆசை குறையலாம். விந்து உள்ளே போவதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஆண் தனக்குள்ளேயே குமைவார். கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்ன டாக்டர்களுக்கும் ஆண் செவிலியர்களுக்கும் எங்கள் வணக்கம். இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை என்பதையும் நீங்கள்தான் பொறுமையாகச் சொல்லிவருகிறீர்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் மட்டும், காரணம் இதுதான் என்று முடிவுகட்டாமல் பரிசோதிக்க வேண்டும் என்பதையும்.

கடைசியாக, டிஸ்சார்ஜ் சீட்டில் நாலு விவரத்தைத் தெளிவாக எழுதி அனுப்பும் வார்டு நர்ஸ்களுக்கு. டியூப் போட்ட தேதி, அதன் எண், லேடெக்ஸா சிலிக்கானா, பலூனில் எத்தனை மில்லி. லேடெக்ஸ் என்றால் இரண்டு முதல் நாலு வாரம், முழு சிலிக்கான் என்றால் 12 வாரம் வரை என்று எங்களுக்கு மாற்றும் நாள் தெரியும். பலூனில் 10 மில்லி நிரப்பியிருந்தால் 10 மில்லியும் வெளியே வந்தபிறகே இழுப்போம். ஆசாரிப்பள்ளத்திலிருந்தோ நெய்யூரிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ வருகிற எல்லாச் சீட்டிலும் இந்த நாலும் இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். வீட்டாரும் சீட்டை வாங்கும்போதே பார்த்து, இல்லையென்றால் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
வீடு தேடி வரும் செவிலியர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்