பாப்பாவுக்கு, பொடி டப்பாவோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். மாடி வீட்டுப் பையன் சனிக்கிழமை பாஸ்டன் கிளம்புகிறான். அவனிடம் பருப்புப்பொடியும் இட்லிப்பொடியும் கொடுத்துவிடுகிறேன். கடிதம் இட்லிப்பொடி டப்பாவுக்கு அடியில் இருக்கும். என் பேரன் தம்பிக்காக இந்தத் தடவை காரம் குறைத்திருக்கிறேன்.

மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை இருக்கும், தெரியும். அப்பாதான் ஆராதனை முடிந்து வந்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். இங்கே வெயில் தாங்கவில்லை. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

தம்பியின் ரிப்போர்ட் கார்டை அப்பாவின் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாலே நாலு கட்டம். இங்கிலீஷில் இருந்தாலும் பார்த்ததும் லூக்கா 2:52 என்று தெரிந்துவிட்டது: ஞானம், வளர்த்தி, தேவகிருபை, மனுஷர் தயவு. 32 வருஷம் அசெம்பிளியில் பிள்ளைகள் அந்த வசனத்தை ஒப்பிக்கக் கேட்டவள் நான். அதை மார்க் ஷீட்டாக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வளர்த்தியில், 'விழுந்தால் தானே எழுந்துகொள்கிறான்'. மனுஷர் தயவில், 'புதிதாக வந்த பையனுக்குத் தன் கிரேயானைக் கொடுத்தான்'. நல்ல பிள்ளை. ஞானத்தில், கணக்குக்கு மட்டும், 'இன்னும் விரல் விட்டு எண்ணுகிறான், அவசரமில்லை'. அவசரமில்லையாம், கணக்கு டீச்சர் பேரனுக்கு!

"மூளைக்கு மட்டும் இல்லம்மா, முழுப் பிள்ளைக்கும் பாடத்திட்டம்" என்று அவன் ஸ்கூலைப் பற்றிச் சொன்னாய். அப்படியானால் நாங்கள் என்ன, அரைப் பிள்ளைக்கா நடத்தினோம்? வசனத்திலேயே ஞானம்தானே முதலில் வருகிறது? வாய்ப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே. தினமும் பத்து நிமிஷம் போதும்.

அன்றைக்கு நான் ரேங்க் கேட்டதைத் தமாஷ் என்று வைத்துக்கொள். 2017-ல் நம் அரசாங்கமே பிளஸ் டூவுக்கு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியபோது ஸ்டாஃப் ரூமில் அதிகம் சத்தம் போட்டவளும் நான்தான். பழக்கம் விடவில்லை. எனக்குப் பெருமை இல்லை என்று நினைக்காதே. உங்கள் பாஸ்டன் மிஷன்காரர்கள்தானே 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து இங்கே பள்ளிக்கூடம் திறந்தார்கள்? பசுமலையில் 1881-ல் அவர்கள் ஆரம்பித்த அமெரிக்கன் காலேஜ் தல்லாகுளத்துக்கு வந்த பிறகு தாத்தா அங்கே படித்தார். இப்போது அவருடைய கொள்ளுப்பேரன் அந்த ஊர் சேப்பலில் நின்று பாடுகிறான். சர்ச்சில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. வாய்ப்பாடு மட்டும், பாப்பா. ஏழாம் வாய்ப்பாடு வரைக்குமாவது.

போன மாசம் சர்ச் வாசலில் உன் பி.டி. டீச்சரைப் பார்த்தேன். முழங்கால் வலியாம், கம்பு ஊன்றி நடக்கிறார். என்னைப் பார்த்ததும், "பாப்பா இன்னும் ஓடுதா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஒன்பதாவதில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கோ-கோ செலக்‌ஷன் இருந்ததே. முதல் நாள் ராத்திரி வெள்ளை சாக்ஸைத் துவைத்து ஃபேனுக்கு அடியில் நாற்காலியில் காயப்போட்டிருந்தாய். காலையில் லிஸ்டில் உன் பெயர் இல்லை. டீச்சர் எடுத்துவிட்டார் என்று மூன்று நாள் அழுதாய், ஸ்கூல் முடிகிறவரை அவரிடம் பேசவே இல்லை. எடுக்கச் சொன்னது நான். உனக்கு வீசிங் இருக்கிறது, ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்னதாகப் பொய் சொன்னேன். காலாண்டில் நீ கணக்கில் 81 எடுத்திருந்தாய், அதற்காக. அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் என்னைக் கடைசிவரை உன்னிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

மற்றப் பிள்ளைகளின் பி.டி. பீரியடையும் போர்ஷன் முடிக்க வேண்டும் என்று அவரிடம் கடன் வாங்கிக்கொண்டே இருந்தேன். ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. அதற்கெல்லாம் எந்தக் கட்டத்தில் மார்க் போடுவார்கள் என்று தெரியவில்லை.

சர்ச் வாசலில் அவரிடம் பதில் சொல்ல முடியாமல், "ஆமாம், ஓடுகிறாள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓடுகிறாயா?

இட்லிப்பொடியை ஃப்ரிட்ஜில் வைக்காதே, கட்டி தட்டிவிடும். ஞாயிறு சாயங்காலம் வீட்டில்தான் இருப்போம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அம்மா