ஆய்வுக்கா பஞ்சம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'மாற்றுத்திறனாளிகள் பற்றிப் போதிய ஆய்வு இல்லாததால்தான் அரசுகளால் நல்ல திட்டம் தீட்ட முடியவில்லை' என்று சென்ற இதழ்த் தலையங்கத்தில் ஒரு வரி. மூன்று முறை படித்தேன். முப்பது வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன் நான். இதுவரை பதினோரு பேர் வினாத்தாளோடு வந்து போயிருக்கிறார்கள். குளிக்க எவ்வளவு நேரம், கழிப்பறைக்கு யார் துணை, மனச்சோர்வு உண்டா, எல்லாம் எழுதிக்கொண்டார்கள். என் புண்ணியத்தில் இரண்டு பேராவது முனைவர் ஆகியிருப்பார்கள். முடிவு என்ன என்று சொல்ல ஒருவரும் திரும்பி வரவில்லை. கடைசியாக வந்தவர் தம் அலுவலகத்துக்கே அழைத்தார். வாசலில் நான்கு படி. அங்கேயே வெயிலில் நிறுத்திவைத்து, 'வெளியே போய்வர உங்களுக்கு என்ன சிரமம்?' என்றார்.

தங்களுக்குத் தெரியாததல்ல. 1980களில் பிரிட்டன் அரசு எடுத்த கணக்கெடுப்பில், பிறர் பேச்சு புரியாததற்கு உங்கள் காதுக் கோளாறுதான் காரணமா என்று கேட்டார்கள். சக்கர நாற்காலியில் இருந்த சமூகவியலாளர் மைக் ஆலிவர் அதைத் திருப்பிப் போட்டார்: உங்களிடம் பேசத் தெரியாத அவர்களின் இயலாமை காரணமா? முதல் கேள்விக்கு வரும் பதிலை வைத்து மருந்துதான் எழுத முடியும், சட்டம் எழுத முடியாது. அதே நாட்டில் லே கோர்ட் என்ற மாற்றுத்திறனாளிகள் காப்பகத்தில் வாழ்ந்தவர்கள் 1960களில் நம்பிக்கையோடு தாங்களே ஆய்வாளர்களை அழைத்தார்கள். 1972இல் வந்த அறிக்கை, இல்லத்தை எப்படி நடத்துவது என்பதில்தான் அக்கறை காட்டியது. அங்கே வாழ்ந்த பால் ஹண்ட் அந்த ஆய்வாளர்களை ஒட்டுண்ணிகள் என்றே எழுதினார். எனக்கு அவ்வளவு தைரியமில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

எண்ணிக்கைக் கதை இன்னொன்று. 'ஊனம் உண்டா?' என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். 'நடக்கவோ படியேறவோ சிரமமா?' என்றால் ஆம் என்பார்கள். மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுக்கும் முறையை வகுக்க ஐ.நா. சார்பில் 2001இல் தொடங்கிய வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளில் 'ஊனம்' என்ற சொல் இல்லாததற்குக் காரணம் அதுதான். எண் குறைந்தால் 'சொற்பம் பேர்தானே' என்கிறார்கள், கூடினால் 'நிதி தாங்காது' என்கிறார்கள். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, கொள்கை வகுக்கத் தரவு திரட்டச் சொல்கிறது. அதன் 4ஆம் பிரிவு எங்களைக் கலந்து பேசச் சொல்கிறது. முதலாவதைத் தலையங்கம் மேற்கோள் காட்டியது. இரண்டாவதற்கு இடம் போதவில்லை போலும். மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் மட்டும் எங்கள் கண்ணீருக்கு இரண்டு பக்கம் கிடைக்கிறது.

கேட்பது ஒன்றே. இனி எங்களைப் பற்றி ஏதாவது சதவீதம் அச்சிட்டால், என்ன கேள்வி கேட்டு அது வந்தது என்பதையும் பக்கத்தில் போடுங்கள். இடமில்லையென்றால் தலையங்கத்தில் ஒரு வரியைக் குறைத்துக்கொள்ளலாம். எந்த வரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்