எழுத்துப் பலகையும் எட்டு மின்முனையும்

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மகள் நர்சிங் முடித்து வேலைக்கும் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா அந்தப் பத்தியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். நீ சொன்ன பயிற்சியில் அவள் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படிக்கு மட்டும் இன்னும் கைப்பிடி வேண்டியிருக்கிறது.

உன்னிடம் சிகிச்சைக்கு வரும் பெரியவரைப் பற்றி எழுதியிருந்தாயே, அது மனசைவிட்டுப் போகவே இல்லை. பக்கவாதம் வந்து பேச்சும் போய், கைகால் அசைவும் போய், கண் மட்டும் ஆளைத் தொடர்கிறது என்று. அவர் என்ன சொல்ல நினைக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை என்ற வரியை அலுவலகத்திலும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் இங்கே மூளையின் மின் அலைகளைக் கொண்டு கணினியை இயக்கும் மூளை-கணினி இடைமுகத்துக்கான ஹேக்கத்தான் நடக்கப்போகிறது என்று தெரிந்தது. வார இறுதி முழுக்க ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, குழுகுழுவாக ஒரு கருவியை உருவாக்கிக் காட்ட வேண்டும். எனக்கு மருத்துவம் தெரியாது, சிறு கணினிப் பலகைகளுக்கு நிரல் எழுதத் தெரியும். அது போதும் என்றார்கள், பெயர் கொடுத்துவிட்டேன்.

என் குழுவில் உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கும் பெண் ஒருத்தி, வடிவமைப்பு படிக்கும் பையன் ஒருவன், கணிதத்தில் கெட்டிக்காரரான ஓர் ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளரான ஓர் அம்மா. அந்த அம்மா இல்லாவிட்டால் நாங்களும் ட்ரோன் பறக்கவிடத்தான் போயிருப்போம். கூட்டத்தில் பாதிக் குழுக்கள் அதைத்தான் செய்தன. முதல் மணி நேரத்திலேயே அவர் கேட்டார்: “பேச முடியாத ஒருத்தர் இதை வைத்துத் தமிழில் என்ன சொல்ல முடியும்?” அதற்கு மேல் எங்களுக்கு வேறு யோசனை தேவைப்படவில்லை. தமிழ் எழுத்துப் பலகை ஒன்று செய்வதென்று முடிவானது.

இது வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், உனக்குச் சட்டென்று பிடிபடும். எப்போது வருமென்று நாம் கவனித்துக் காத்திருக்கும் ஒன்று, அரிதாக வந்து போனால், சுமார் 300 மில்லி விநாடி கழித்து மூளையின் மின் அலைப் பதிவில் ஒரு மேடு எழும்புகிறது. 1965-இல் சட்டன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதைப் பதிவு செய்தார்கள், பி300 என்று பெயர். இதைக் கொண்டு எழுதவே முடியும் என்று 1988-இல் ஃபார்வெல், டோன்சின் என்ற இருவர் காட்டினார்கள். ஆறுக்கு ஆறு கட்டத்தில் ஆங்கில எழுத்துகளும் சில கட்டளைகளும். வரிசைகளும் நெடுக்கைகளும் மாறிமாறி மின்னும். உனக்கு வேண்டிய எழுத்தை நீ கவனித்துக்கொண்டிருந்தால், அது இருக்கும் வரிசையும் நெடுக்கையும் மின்னும்போது மட்டும் மேடு வரும். இரண்டும் சந்திக்கும் கட்டம்தான் உன் எழுத்து. அப்போது நிமிடத்துக்கு 2.3 எழுத்து கிடைத்தது.

மேடு என்று சொன்னேனே, அது சில மைக்ரோவோல்ட்தான். கண் சிமிட்டினால் வரும் அலை அதைப்போலப் பல மடங்கு. பல்லைக் கடித்தால், கழுத்தைத் திருப்பினால் எல்லாம் கலங்கிவிடும். சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வேறு. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினோம், பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்தது. ஒரே எழுத்தைப் பல சுற்று மின்னவைத்துச் சராசரி எடுக்கும்போதுதான் மேடு தலைகாட்டுகிறது. திரையில், நான் கவனித்த எழுத்துக்கு ஒன்றும் மற்றவற்றுக்கு ஒன்றுமாக இரண்டு கோடுகள் முதலில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. சுற்று ஏற ஏற ஒன்று மட்டும் பிரிந்து எழும்பியது. என் தலையிலிருந்து வந்த கோடு அது. நான் வாயைத் திறக்கவில்லை, விரலை அசைக்கவில்லை, ஒரு எழுத்தைக் கவனித்தேன், அவ்வளவுதான். அதைப் பார்த்தபோது வந்த சிலிர்ப்பை உனக்கு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

மூளையின் அலைகளைத் தலைத்தோலிலிருந்து பிடிக்கும் எட்டு மின்முனை உள்ள தொப்பியைத்தான் கொடுத்தார்கள். உச்சி, அதற்கு முன்னும் பின்னும், பின்மண்டையின் இரு பக்கமும் ஒவ்வொன்றையும் ஜெல் வைத்துப் பொருத்த வேண்டும். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, தேங்காய் எண்ணெய். எண்ணெய் படிந்த தலையில் மின்முனை தோலோடு ஒட்டாது. முந்தின நாளே தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். தினமும் எண்ணெய் தேய்த்துவிடும் வீடுகளில் படுத்திருக்கும் நோயாளிக்கு யார் தினமும் தலை கழுவி, ஜெல் வைத்து, மறுபடி துடைத்துவிடுவது? பேச்சுப் பயிற்சியாளர் அம்மா இதையும் கேட்டார். கருவியின் வேகத்தைப் பற்றி அங்கே நிறையப் பேர் பேசினார்கள், இதைப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மேடு இருக்கிறதா இல்லையா என்று பிரித்தறியும் கணக்குக்கு ஆசிரியர் புதிதாக எதுவும் தேடவில்லை. 1936-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் ஐரிஸ் பூக்களின் இதழளவை வைத்து இனம் பிரித்துக் காட்டிய அதே நேரியல் முறை. தரவு குறைவாக இருக்கும்போது ஆழ்கற்றல் வலைகளைவிட அது நம்பகமானது என்றார், அப்படித்தான் இருந்தது. இந்தப் பகுதி வேகமாக முடிந்தது.

எங்கள் நேரத்தில் பெரும்பகுதியை எழுத்துகளைக் கட்டத்தில் அடுக்கும் வேலைதான் தின்றது. 247 எழுத்தையும் வைத்தால் பதினாறுக்குப் பதினாறு கட்டம் வேண்டும், ஒரு சுற்றுக்கு 32 மின்னல். நோயாளி களைத்துவிடுவார். ஆனால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 போதும். உயிர்மெய்யை இரண்டையும் அடுத்தடுத்துத் தேர்ந்து உண்டாக்கிக்கொள்ளலாம், 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அப்படித்தானே செய்கிறது. அதில் ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தேர்வு. தானாக விழாத இடங்களில் புள்ளி வைக்க ஆய்த விசை. இந்த விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

36 கட்டத்தில் 31 போக மிச்சம் ஐந்து. வடிவமைப்புப் பையன் ங, ஞ, ஔ மூன்றையும் எடுத்துவிட்டு, அடிக்கடி வரும் எழுத்துகளை மேலே கொண்டுவந்து, காலியாகும் இடத்தில் முழுச் சொற்களை வைக்கலாம் என்றான். கணக்குப்படி அவன் சொன்னது சரி. நான் எதிர்த்தேன். எழுபது வயதுக்காரருக்குப் புதிதாக ஓர் அடுக்கைக் கற்றுக்கொடுக்க முடியாது, பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுச் சொன்ன வரிசைதான் அவருக்குத் தேடாமல் கிடைக்கும் என்றேன். வாக்குவாதம் டீக்கடை வரை போனது. அடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: உயிர் இரண்டு வரிசையில் அப்படியே உட்கார்ந்தது. மெய் 18-உம் க ங ச ஞ ட ண, த ந ப ம ய ர, ல வ ழ ள ற ன என்று மூன்று வரிசையில் பிசிறில்லாமல் அடங்கியது. ஆறாவது வரிசையில் ஆய்தம், இடைவெளி, அழி, ஆமாம், இல்லை, ஆளைக் கூப்பிடு. கடைசியாகச் சொன்னதை அந்த அம்மா விடாப்பிடியாக நின்று சேர்த்தார். ஜ, ஸ, ஷ, ஹ எதுவும் இல்லை. ஜன்னலைச் சன்னல் என்று எழுதினால் யாருக்கும் புரியாமல் போகாது.

இந்த அடுக்கில் இன்னொரு நன்மையும் இருந்தது. இந்த முறையில் பிழை பெரும்பாலும் அதே வரிசையிலோ அதே நெடுக்கையிலோதான் விழும். ல, ழ, ள ஒரே வரிசை. ண-வும் ன-வும் ஒரே நெடுக்கை. குறிலும் நெடிலும் பக்கத்துப் பக்கத்தில். ஆகவே தவறு நேர்ந்தாலும் பல சமயம் சொல் படிக்கும்படி இருக்கிறது. சோதனையில் நான் ‘தண்ணி’ என்று எழுத உட்கார்ந்தேன், ‘தண்ணீ’ என்று வந்தது. பக்கத்தில் நின்ற எல்லோரும் கைதட்டினார்கள்.

ஏன் ‘தண்ணீர்’ எழுதவில்லை என்று கேட்பாய். ஒரு மின்னலுக்கு 175 மில்லி விநாடி, பன்னிரண்டு மின்னல் ஒரு சுற்று, ஐந்து சுற்று, நடுவே இரண்டரை விநாடி ஓய்வு. ஒரு தேர்வுக்கு 13 விநாடி ஆகிறது. தண்ணீருக்கு ஆறு தேர்வு, 78 விநாடி. தண்ணிக்கு நான்கு, 52 விநாடி. ‘வலிக்குது’ எட்டுத் தேர்வு, ஒன்றே முக்கால் நிமிடம். இனி யாராவது இதற்குச் சொல் ஊகிக்கும் வசதி சேர்த்தால், அது வீட்டில் பேசும் தமிழிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். செய்தித்தாள் தமிழைக் கொடுத்தால் ஒரு பயனும் இராது என்பது என் உறுதியான எண்ணம்.

பரிசு ஒரு சக்கர நாற்காலிக் குழுவுக்குப் போனது. வெவ்வேறு வேகத்தில் துடிக்கும் விளக்குகளில் எதைப் பார்க்கிறோமோ அதன் துடிப்பு பின்மண்டைப் பதிவிலும் தெரியும். அதை வைத்து நாற்காலியைத் திருப்பிக் காட்டினார்கள். அருமையான வேலை, பரிசு போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது.

நீ கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு, அங்கேயே நாங்களும் விவாதித்தோம். கண் அசைகிறது என்றால், கண்ணைப் பின்தொடரும் கேமரா போதாதா? பலருக்குப் போதும், அதுதான் வேகமும்கூட. ஆனால் எல்லோருக்கும் அல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழக நரம்பியல் ஆய்வாளர் ஸ்காட் மேக்லருக்கு தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோய் வந்து உடல் முழுக்கச் செயலிழந்தபோது, ஆல்பனியில் உள்ள வாட்ஸ்வர்த் ஆய்வு மையத்தைச் சேர்ந்த வோல்பாவின் குழு அவர் வீட்டிலேயே பி300 பலகையைப் பொருத்திக் கொடுத்தது. இரண்டரை ஆண்டுக்கும் மேலாக, ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம்வரைகூட அதைப் பயன்படுத்தி மின்னஞ்சல் எழுதினார், தன் ஆய்வகத்தை நடத்தினார். கண் நோக்குக் கருவியைவிட இதுவே தனக்கு மேல் என்று கருதினார். தொப்பியை மாட்டிவிட்டது வீட்டு உதவியாளர்கள்தான். வேகத்தில் இது மந்தம். மூளைக்குள் மின்முனை பதித்தவர்கள் 2021-இல் கையெழுத்தைக் கற்பனை செய்தே நிமிடத்துக்கு 90 எழுத்தும், 2023-இல் பேச முயன்றே நிமிடத்துக்கு 62 சொல்லும் எட்டிவிட்டார்கள். ஆனால் அதற்கு மண்டை ஓட்டைத் திறக்க வேண்டும், சொற்களை ஊகிக்கும் மாதிரியும் ஆங்கிலத்துக்கானது. தமிழுக்கு அந்த வேலையை நாம்தான் தொடங்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. உன் பெரியவருக்கு அடைப்பு மூளைத்தண்டிலா, இடது அரைக்கோளத்திலா? ஸ்கேன் தாளைப் பார்த்துச் சொல். மூளைத்தண்டு என்றால் மொழி உள்ளே அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். இடது பக்கம் என்றால் சொல்லே கலைந்திருக்கலாம், அப்போது எழுத்துப் பலகை அவரை இன்னும் வதைக்கும், படங்கள்தான் வழி என்று அந்த அம்மா அழுத்திச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியுமா, கண்ணாடி போடுவாரா என்பதையும் வீட்டில் விசாரி.

எங்கள் கட்டத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, லேமினேட் செய்து இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். இதற்குத் தொப்பியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். முதலில் ‘ஆமாம்’ என்றால் கண்ணை மேலே தூக்கச் சொல்லி, விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டுப் பழக்கு. பிறகு வரிசை வரிசையாக விரல் வைத்துக்கொண்டே போ, அவர் கண் மேலே போகும் வரிசையில் நின்று எழுத்து எழுத்தாக நகர். அவசரப்படுத்தாதே, அவர் சொல்லி முடிக்கும் முன் நீயாகச் சொல்லை முடித்துவிடாதே. களைத்தால் நிறுத்திவிடு. ஒவ்வொரு நாளும் அவர் தேர்ந்த எழுத்துகளை, பிழையோடு அப்படியே ஒரு நோட்டில் எழுதச் சொல். அவரும் வீட்டாரும் சம்மதித்தால் மட்டும் அதை எனக்கு அனுப்பு. எங்கள் குழு கலையவில்லை, மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு முன் உன் பதில் வந்தால் நன்றாக இருக்கும்.

தங்கச்சியையும் மகளையும் கேட்டதாகச் சொல். மருமகள் முதல் சம்பளத்தில் உனக்கு என்ன வாங்கித் தந்தாள் என்று எழுத மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் பங்காளி