ஆண்டறிக்கை 2024–25: அலையாத்தி நடவும் இளைஞர்களுக்கான பருவ வேலையும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, இந்த ஆண்டு நம்மோடு சேற்றில் இறங்கிய தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழுக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன, தீர்மானங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதியை அலையாத்தி (கடலோரச் சேற்றில் வளரும் மாங்குரோவ் மரம்) நடவுக்கும், அதில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பருவ வேலைக்கும் எடுத்துக்கொள்கிறேன்.

2024 நம் பக்கத்துக்கு நல்ல ஆண்டாக அமையவில்லை. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை ஜூலை 28-இல்தான் திறந்தது. ஆற்றுத் தண்ணீரை நம்பிய குறுவை அடிபட்டது, அதோடு நடவு வேலையும் களையெடுப்பு வேலையும் போயின. கடல் பக்கமும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மல்லிப்பட்டினம் படகுகளில் கூலிக்குப் போகிற பையன்களுக்கு அந்த நாட்களில் கையில் காசு புழங்காது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்துத் தென்னை விழுந்தபோது திருப்பூர், கேரளா என்று கிளம்பியவர்களில் பலர் இன்னும் ஊர் திரும்பவில்லை. இந்த நிலையில்தான் வனத்துறையின் ஒப்புதலோடு, அலையாத்திக் காடு அழிந்த இடத்தில் வாய்க்கால் வெட்டி மறுபடி நடும் வேலை நமக்குக் கிடைத்தது. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர்கள், படகு வேலைக்காரர்கள், கல்லூரி விடுமுறையில் இருந்த பெண்பிள்ளைகள் என்று கலந்து வந்தார்கள்.

காடு அழிந்த இடத்தில் ஏன் தானாக முளைப்பதில்லை என்று புதிதாக வந்தவர்கள் கேட்டார்கள். மரத்தை மொத்தமாக வெட்டி எடுத்த இடத்தில் வெயில் நேரே சேற்றில் படுகிறது. சேறு காய்ந்து தரை தாழ்ந்துவிடுகிறது. கடல் ஏற்றத்தில் வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கி ஆவியாகிறது, உப்பு மட்டும் தங்குகிறது. அந்த உப்பில் உமரிச் செடி வரும், அலையாத்தி வராது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வாய்க்கால் முறையைச் செய்து காட்டின. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதற்கு இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். தண்ணீர் வந்து போகத் தொடங்கினால் உப்பு கழுவப்படும். நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கும் வழக்கம் முத்துப்பேட்டைப் பக்கம் பல தலைமுறையாக உண்டு. அந்த வாய்க்கால் ஓரங்களில் அலையாத்தி செழித்து நிற்பதை அவர்கள் கண்ணாரப் பார்த்தவர்கள். மட்டம் பார்க்க வந்து நின்ற ஐயாக்களுக்குச் சங்கத்தின் நன்றி.

விதை வேலை அக்டோபரில் தொடங்கியது. பழுத்து உதிர்ந்த அலையாத்தி விதையைப் பெண்கள் குழு பொறுக்கிக் கொடுத்தது. விதைச் சாக்கு கரைக்கு வந்ததும் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மேல்தோல் கழன்ற விதைதான் நடவுக்கு. தோல் கழலாததையும் நண்டு கடித்ததையும் ஒதுக்கிவிடுவோம். அப்புறம் வாய்க்கால் சரிவின் நடுப்பகுதியில், வேர் வரும் முனை கீழே இருக்கும்படி கட்டைவிரலால் மெல்ல அழுத்த வேண்டும். அடியில் வைத்தால் தண்ணீரிலேயே கிடந்து அழுகும், மேலே வைத்தால் காய்ந்துபோகும். இந்த ஒரு சாண் இடத்தைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் பழகிக்கொண்ட வேகம் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நவம்பர் கடைசியில், பின்னால் ஃபெஞ்சல் புயலான அந்தத் தாழ்வு மண்டலத்தின் மழையில் வேலை நின்றது. ஆனால் கோரையாறு, பாமணியாறு வழியாக வந்த நல்ல தண்ணீர் வாய்க்கால்களுக்கு உதவியாகவே இருந்தது.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளை ஒடிக்கும் இடத்தில் கண்ணாடி அணியாமல் யாரையும் இறக்கக் கூடாது என்று விதி வைத்தோம், அது தொடர வேண்டும். பெண்பிள்ளைகளுக்குக் காட்டுக்குள் கழிப்பறை வசதி இல்லை. மதியத்துக்குள் அவர்கள் படகைத் திருப்பினோம். முழு நாள் கூலியும் கொடுத்தோம். இதை நிரந்தரமாகத் தீர்க்காமல் அதிகப் பெண்களை வேலைக்குக் கூப்பிடுவது நியாயமில்லை.

நன்கொடை தர வந்த ஒரு நிறுவனம் ஜூலை 26, உலக அலையாத்தி நாளன்றே நடவு வேண்டும் என்றது. அப்போது விதை கிடையாது, மண்ணிலும் உப்பு ஏறி இருக்கும். செயற்குழு மறுத்துவிட்டது, அது சரியான முடிவு.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். நூறு நாள் வேலையில் 2024–25-இல் தமிழ்நாட்டுக்கான நாள் கூலி 319 ரூபாயாக இருந்தது. இடுப்பளவு சேற்றில் மண் வெட்டுபவருக்கு அது கட்டாது. உள்ளூர் வரப்பு வெட்டும் கூலிக்குக் குறையாமல் நாம் கொடுத்தோம். இதைச் சேவை என்று சொல்லிப் பிள்ளைகளிடம் இலவசமாக வாங்க எனக்கு மனமில்லை. இது வேலை, கூலிக்குரிய வேலை.

ஆனால் நடவு முடிந்ததும் நிதியும் முடிந்துவிட்டது. நிதி கொடுப்பவர்கள் எத்தனை விதை நட்டோம் என்று கேட்கிறார்கள், மறு வருடம் எத்தனை நிற்கிறது என்று கேட்பதில்லை. கிளை வாய்க்கால்களின் வாயில் இப்போதே வண்டல் படிந்திருக்கிறது. முதல் சில வருடங்கள் கோடைதோறும் தூர் வாராவிட்டால் தண்ணீர் மறுபடி தேங்கும், நட்டதெல்லாம் கருகும். தூர் வார ஏற்ற காலமும் படகுப் பையன்கள் வேலையில்லாமல் இருக்கும் தடைக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே இனி வாங்கும் எந்த நிதியிலும் மூன்று கோடைக்கான தூர்வாரும் கூலியைச் சேர்த்தே கேட்பது, தர மறுத்தால் நடவை ஏற்காமல் இருப்பது என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இந்தத் தடைக்காலத்துக்குச் சங்கத்தின் கையிருப்பிலிருந்து ஒரு குழுவுக்காவது வேலை கொடுக்க முடியும் என்று பொருளாளர் சொல்லியிருக்கிறார். கடந்த ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு முன்னுரிமை. பெயர் கொடுப்பவர்கள் வங்கிப் புத்தக நகலோடு ஏப்ரல் 10-க்குள் அவரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்