முதல்ல அந்த அஞ்சு வருசக் கணக்கைச் சொல்லுங்கோ ஐயா

எங்கட முன்னாள் வட மாகாண சபை உறுப்பினர் ஐயாவுக்கு,

வணக்கம். மாகாண சபைத் தேர்தல் வந்தா திரும்பவும் நிப்பன் எண்டு கோயில் திருவிழாவில சொன்னீங்களாம். நில்லுங்கோ, அது உங்கட உரிமை. ஆனா அதுக்கு முதல் 2013ல இருந்து 2018 மட்டும் எங்கட ஊருக்கு எண்டு சபையில என்ன கேட்டீங்கள், எது கிடைச்சது, எது ஏன் கிடைக்கேல்ல எண்டு எங்களுக்கு முன்னால வந்து கணக்குச் சொல்லுங்கோ.

2013 செப்டெம்பர் 21 உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மீளக்குடியேறி தகரக் கொட்டிலுக்க இருந்த சனம், விடிய வெள்ளன போய் வரிசையில நிண்டு உங்கட நம்பருக்கு விருப்பு வாக்குப் போட்டது. கூட வாக்கு எடுத்த கட்சிக்குக் குடுக்கிற போனஸ் ஆசனம் ரெண்டை விட்டா 36 ஆசனம், அதில யாழ்ப்பாணத்துக்கு 16, வன்னிப் பக்கத்துக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலுக்கும் சேத்து 20. பாதிக்கு மேல வன்னி ஆக்கள் இருந்த சபை ஐயா அது.

குளம் வான் பாய்ஞ்சா தண்ணிக்குள்ள போற எங்கட வீதி மதகின்ர கதை உங்களுக்குத் தெரியும், திரும்ப விளங்கப்படுத்தத் தேவையில்ல. 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கு முதலும் அதுக்கு மேல நிண்டுதான் வாக்குக் கேட்டீங்கள். அந்த மாசக் கடைசியில ஏ.எல் சோதனை நடக்கேக்க குளம் வான் பாய்ஞ்சு மதகு இருந்த இடமே தெரியேல்ல. பிள்ளையளை உழவு மெசின் பெட்டியில ஏத்தி, ரெண்டு பக்கமும் பெடியள் இடுப்பளவு தண்ணியில பிடிச்சுக்கொண்டு வர, அப்பிடித்தான் கடத்தினம், என்ர மகள் அட்மிசன் கார்ட்டை பொலித்தீன் பையில சுத்தி சட்டைக்குள்ள வச்சுக்கொண்டு பெட்டிக் கம்பியை விடாமப் பிடிச்சுக்கொண்டு இருந்தவள், கரையில நிண்ட எனக்கு அவள் மற்றப் பக்கம் இறங்கும் வரைக்கும் மூச்சு வரேல்ல. பிறகு வெள்ளத்தால நாடு முழுக்க சோதனையை டிசம்பருக்குத் தள்ளினவை, அதுக்குப் போகவும் அதே மதகுதான்.

2018 ஒக்டோபரோட சபை முடிஞ்சது, 2017ல கொண்டுவந்த தேர்தல் சட்டமும் எல்லை நிர்ணயமும் இழுபட்டு தேர்தல் நிண்டு போச்சு, ஆளுநரின்ர ஆட்சிதான் நடந்தது. அதுக்கு உங்களைக் குறை சொல்லேல்ல. சபை இல்லாத வருசத்துக்கு நாங்கள் கணக்குக் கேக்கேல்ல ஐயா, சபை இருந்த வருசத்துக்குத்தான் கேக்கிறம். சபை போனாப் பிறகு நீங்கள் கட்சி மாறினீங்கள், சின்னம் மாறினது, ரெண்டு தரம் பாராளுமன்றத்துக்கும் கேட்டுப் பாத்தீங்கள். நாங்கள் ஒபிஸ் ஒபிஸா ஏறி இறங்கினம், ஒரு இடத்தில இது மாகாண வீதி எண்டினம், மற்ற இடத்தில இல்லை பிரதேச சபையின்ர எண்டினம், யாரின்ர வீதி எண்டே தெரியாம பிள்ளையள் வளந்து போச்சுதுகள். யார் வந்தாலும் தேர்தல் முடியிற வரைக்கும்தான் கதை, எந்தக் கட்சியும் திறமில்ல.

கோவத்தில கூடக் கதைச்சிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ. தயவுசெய்து நோட்டீஸ் அடிக்க முதல் ஒருக்கா வாங்கோ. மதகுக்கு கடிதம் குடுத்திருந்தா அதின்ர கொப்பியையும் கொண்டு வாங்கோ, அதை வச்சு நாங்களே மிச்சத்துக்கு அலையுறம். பொது நோக்கு மண்டபத்தில ஞாயிறு பின்னேரம் எண்டா வயலுக்குப் போற ஆக்களும் நிப்பினம். ரெண்டு நாளைக்கு முதல் கிராம சேவகர் ஜீ.எஸ்ஸிட்ட சொல்லிவிட்டாக் காணும்.